பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவள் வகுத்தல் விதியைக் கற்ற கதை

பிளஸ் டூவில் கணக்கு இல்லாத குரூப் எடுத்து, பி.காம். முடித்து, வேலை, கல்யாணம், குழந்தை என்று சில வருஷங்கள் ஓடிய பிறகு தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. பொருளாதாரம் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடத்திட்டத்தைப் பார்த்தால் நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், இந்தியப் பொருளாதாரம் என்று எல்லாமே உட்கார்ந்து படித்தால் வந்துவிடும் போலத்தான் இருக்கும். நடுவில் கணித முறைகள் என்று ஒரு தாள் சத்தமில்லாமல் கிடக்கும். அந்த ஒரு தாளால் என் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. டியூஷன், வீடியோ பாடம், மறுதேர்வுக் கட்டணம், சம்பளமில்லாத லீவு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குக் கிட்டக் கரைந்தது. முன்னாடியே யாராவது உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தால் அதில் முக்கால்வாசி கையில் நின்றிருக்கும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். "கணக்கு எழுதுறவங்களுக்குக் கணக்குப் பாடம் வராதா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஜாப் ஒர்க் பில்லைச் சரிபார்ப்பதும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவதும் ஒரு வேலை. எக்ஸும் ஒய்யும் போட்டு அடைப்புக்குறியைப் பிரித்துச் சுருக்குவது முற்றிலும் வேறு வேலை. பத்தாம் வகுப்போடு அதைத் தொடுவதை விட்டவள் நான். முதல் தடவை தேர்வுக்குப் போனபோது வகுத்தல் விதியை, அதாவது ஒன்றை மற்றொன்றால் வகுத்து வரும் பின்னத்தின் மாற்ற வேகத்தை (வகைக்கெழு) கண்டுபிடிக்கும் விதியை, சஷ்டி கவசம் மாதிரி உருப்போட்டு வைத்திருந்தேன். அதே விதிக்குக் கேள்வியும் வந்தது. சராசரிச் செலவு மிகக் குறைவாக இருக்கும் உற்பத்தி அளவைக் காண்க. விதியை அப்படியே எழுதினேன், ஆனால் விடை வரவில்லை. ரிசல்ட்டைப் போனில் பார்த்தபோது பக்கத்தில் இருந்த என் பெண், "அம்மா, நீகூட ஃபெயில் ஆவியா?" என்றாள். கேலியெல்லாம் இல்லை, நிஜமாகவே ஆச்சரியம் அவளுக்கு. அன்றைக்கு வந்த கூச்சம் ரொம்ப நாள் போகவில்லை. ஆபீசில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

அடுத்து நடந்ததுதான் காசு போன கதை. கணக்குக்கு என்று ஒரு டியூஷன் சென்டரில் முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டிச் சேர்ந்தேன். போய்ப் பார்த்தால் எல்லாம் இன்ஜினியரிங் முதல் வருஷப் பிள்ளைகள். மாலை ஷிப்டு முடிந்த களைப்போடு நான் மட்டும் கடைசி பெஞ்சில். சார் நல்லவர்தான், ஆனால் அவர் வேகம் அந்தப் பிள்ளைகளுக்கான வேகம். "வி டியூ மைனஸ் யூ டிவி, பை வி ஸ்கொயர். எழுதிக்கோங்க, அடுத்தது" என்று போய்க்கொண்டே இருந்தார். யூ என்பது பின்னத்தில் மேலே இருப்பது, வி கீழே இருப்பது; டியூ, டிவி அவற்றின் மாற்றம். ஏன் நடுவில் மைனஸ், ஏன் கீழே ஸ்கொயர் என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்மா, போட்டாப் போதும்" என்றார். பாதியில் நின்றேன். பணம் திரும்ப வராது என்று ரசீதின் பின்பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அப்புறம் ஒரு வீடியோ பாடம் வாங்கினேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும். நோட்டை எடுத்தால் கை ஓடாது. அதனால், பணம் கட்டும் முன்னால் ஒரு வகுப்பு சும்மா உட்கார விடுவார்களா என்று கேளுங்கள். கூடப் படிப்பவர்கள் யார் என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் வீட்டில் போட்ட கணக்கை வாங்கிப் பார்த்து, எந்த வரியில் தடம் மாறுகிறது என்று காட்டுவாரா என்று கேளுங்கள். அதைச் செய்யாத டியூஷனுக்கு எவ்வளவு கட்டினாலும் தண்டம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வருபவர் எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, பின்னத்தில் மேலே உள்ளதைத் தனியாக வகையிட்டு (அதாவது வகைக்கெழு கண்டு), கீழே உள்ளதைத் தனியாக வகையிட்டு, ஒன்றை மற்றதால் வகுத்தால் என்ன என்பதுதான். கூட்டலுக்கு அப்படித்தானே செய்கிறோம்? இதை முட்டாள்தனமான கேள்வி என்று நினைக்க வேண்டாம். நுண்கணிதத்தை (கால்குலஸ்) உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் 1675 நவம்பரில் எழுதிய குறிப்பில் இதே கேள்வியைத் தனக்குத்தானே கேட்டு, அப்படி வராது என்று கண்டுகொண்டிருக்கிறார். நாம் ஒரே வரியில் பார்த்துவிடலாம். எக்ஸ் ஸ்கொயரை எக்ஸால் வகுத்தால் எக்ஸ். அதன் வகைக்கெழு 1. மேலே கீழே தனித்தனியாக வகையிட்டு வகுத்தால் 2எக்ஸ் பை 1, அதாவது 2எக்ஸ். எக்ஸ் எதுவாக இருந்தாலும் 1 வர வேண்டிய இடத்தில் 2எக்ஸ் வந்தால் அந்த வழி சரியில்லை, அவ்வளவுதான். டியூஷனில் இந்த ஒரு வரியைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது.

அடுத்தது விதி எங்கிருந்து வருகிறது என்பது. பெருக்கல் விதி தெரிந்தால் போதும், புதிதாக ஒன்றும் வேண்டாம். ஒய் என்பது யூ பை வி என்றால், யூ என்பது ஒய் இன்டு வி. இதைப் பெருக்கல் விதிப்படி வகையிட்டால் (டேஷ் என்றால் அதன் வகைக்கெழு), யூ டேஷ் = ஒய் டேஷ் இன்டு வி + ஒய் இன்டு வி டேஷ். நமக்கு வேண்டியது ஒய் டேஷ். அதைத் தனியே எடுத்தால், ஒய் டேஷ் = (யூ டேஷ் − ஒய் இன்டு வி டேஷ்) / வி. இதில் ஒய்க்குப் பதிலாக யூ பை வி என்று போட்டு, மேலும் கீழும் வியால் பெருக்கினால் புத்தகத்தில் இருக்கும் விதி அப்படியே வந்து நிற்கும். ஒரு தடவை உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். மைனஸ் எந்தப் பக்கம் என்று தேர்வு அறையில் சந்தேகம் வந்தால், தாளின் ஓரத்தில் பென்சிலால் இந்த மூன்று வரியைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். குறியில் குழப்பம் வருவதற்காக வெட்கப்படவும் வேண்டாம். 1684-இல் லைப்சிக்கில் வெளிவந்த ஆக்டா எருடிடோரம் இதழில் இந்த விதியை அச்சில் தந்தபோது, லைப்னிட்ஸே பிளஸ் மைனஸ் இரண்டையும் சேர்த்துப் போட்டு, சந்தர்ப்பம் பார்த்து எடுத்துக்கொள்ளும்படிதான் எழுதியிருக்கிறார்.

கடைசியில் எழுதும் விதியைவிட, இடையில் வந்த அந்த வரிதான் எனக்குக் கண்ணைத் திறந்தது: யூ டேஷ் கழித்தல் ஒய் இன்டு வி டேஷ், பை வி. அது எங்கே பிடிபட்டது என்று சொல்கிறேன். எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பி ஒருவர் காஸ்டிங் ஷீட்டை நீட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். துணி கிலோ ரேட், சாயம், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் என்று கட்டம் கட்டமாகப் போய், கடைசிக் கட்டத்தில் மொத்தச் செலவை பீஸ் எண்ணிக்கையால் வகுத்துப் போட்டிருந்தது. பையர் 1,000 பீஸ் ஆர்டரைக் கூட்டினால் ரேட் எவ்வளவு இறங்கும் என்று கேட்கிறாராம். "ஸ்கிரீன், பேட்டர்ன், சேம்பிள் செலவெல்லாம் ஒரே தடவைதானுங்க அக்கா. பீஸ் கூடக் கூட அது பரவிரும். ரொம்பக் கூடுச்சுன்னா ஓவர்டைம் வந்து மறுபடி ஏறிக்கும்" என்றார். நான் தோற்ற கேள்வியை அவர் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். சராசரிச் செலவு என்பதே ஒரு வகுத்தல்தானே. மேலே மொத்தச் செலவு, கீழே பீஸ்.

பாடப்புத்தகத் தோரணையில் எண்களைப் போட்டுக் காட்டுகிறேன். மாறாச் செலவு 40,000 ரூபாய், பீஸுக்கு 100 ரூபாய், அளவு கூடக் கூட ஏறும் ஓவர்டைம் பங்கு 0.01 இன்டு க்யூ ஸ்கொயர் என்று வைப்போம். க்யூ என்பது பீஸ். மொத்தச் செலவு 40,000 + 100க்யூ + 0.01க்யூ ஸ்கொயர். கீழே இருப்பது க்யூ, அதன் வகைக்கெழு 1. இப்போது அந்த இடை வரி என்ன சொல்கிறது? இறுதிநிலைச் செலவு கழித்தல் சராசரிச் செலவு, பை பீஸ். அதாவது, அடுத்து வரப்போகும் பீஸுக்கு ஆகும் செலவு இப்போதைய சராசரியைவிடக் குறைவாக இருந்தால் சராசரி இறங்கும், கூடுதலாக இருந்தால் ஏறும், இரண்டும் சமமானால் அங்கேதான் சராசரி மிகக் குறைவு. பொருளியல் புத்தகத்தில் இறுதிநிலைச் செலவுக் கோடு சராசரிச் செலவுக் கோட்டை அதன் அடிப்புள்ளியில் வெட்டும் என்று படம் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பார்களே, அது இதேதான். இரண்டு வருஷம் அந்தப் படத்தை வரைந்திருக்கிறேன், இது வகுத்தல் விதி என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

கணக்கை முடித்துவிடுவோம். விதிப்படி மேலே வருவது க்யூ இன்டு (100 + 0.02க்யூ), அதிலிருந்து மொத்தச் செலவு முழுவதையும் கழிக்க வேண்டும். 100க்யூ இரண்டும் அடிபட்டு, 0.01க்யூ ஸ்கொயர் − 40,000 மிஞ்சும். கீழே க்யூ ஸ்கொயர். இது சுழியாக வேண்டுமென்றால் க்யூ 2,000. அங்கே சராசரிச் செலவு 20 + 100 + 20, அதாவது 140 ரூபாய். இறுதிநிலைச் செலவு 100 + 0.02 இன்டு 2,000, அதுவும் 140. சரி, கீழே ஏன் ஸ்கொயர்? மாறாச் செலவை மட்டும் பாருங்கள். 1,000 பீஸில் இருந்து ஒன்று கூடினால் பீஸுக்கு அதன் பங்கு ஏறக்குறைய நாலு பைசா குறைகிறது. 2,000 பீஸில் இருந்து ஒன்று கூடினால் ஒரு பைசாதான் குறைகிறது. அளவு இரண்டு மடங்கானால் விளைவு கால் பங்காகிறது. கீழே இருக்கும் ஸ்கொயரின் வேலை இது. பீஸுக்கு ஒரு பைசா என்று பேரம் பேசும் ஊரில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆனது என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

விதி புரிந்தது. ஆனால் மார்க் பறிபோவது விதியில் இல்லை என்பதுதான் அடுத்த பாடம். வகுத்தல் விதிக் கணக்கில் வகையிடுவது இரண்டு வரி. மீதி எல்லாம் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம். உதாரணத்துக்கு, (3எக்ஸ் − 1) பை (2எக்ஸ் + 5). மேலே (2எக்ஸ் + 5) இன்டு 3, கழித்தல் (3எக்ஸ் − 1) இன்டு 2. பிரித்தால் 6எக்ஸ் + 15 − 6எக்ஸ் + 2, ஆக 17. அடைப்புக்குறி போடாமல் வேகமாக எழுதினால் கடைசி 2-க்கு முன்னால் மைனஸ் விழுந்து 13 ஆகிவிடும். கழித்தலுக்குப் பின்னால் வருவது முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும். இந்த மாதிரி மேலும் கீழும் நேர்கோட்டுச் சார்பாக இருந்தால் ஒரு குறுக்குச் சரிபார்ப்பும் இருக்கிறது. நாலு எண்களையும் 2க்கு 2 அணிக்கோவையாக எழுதுங்கள்: 3, −1, கீழே 2, 5. குறுக்காகப் பெருக்கிக் கழித்தால் அதன் மதிப்பு: 3 இன்டு 5, கழித்தல் (−1) இன்டு 2, அதாவது 15 + 2 = 17. எப்போதும் அதுதான் மேலே வரும். எக்ஸ் எல்லாம் அடிபட்டுப் போயே ஆக வேண்டும். போகவில்லை என்றால் எங்கோ தப்பு.

இன்னொரு இடம், கீழே அடுக்கு இருக்கும் கணக்கு. எக்ஸ் ஸ்கொயர் பை (1 + எக்ஸ்) கியூப் என்று வைப்போம். எல்லாவற்றையும் பெருக்கி விரிக்க ஆரம்பித்தால் அரைப்பக்கம் போகும், தப்பும் நிச்சயம். விரிக்கவே கூடாது. இரண்டு உறுப்பிலும் பொதுவாக இருக்கும் (1 + எக்ஸ்) ஸ்கொயரையும் எக்ஸையும் வெளியே எடுங்கள். உள்ளே 2(1 + எக்ஸ்) − 3எக்ஸ், அதாவது 2 − எக்ஸ் நிற்கும். கீழே ஆறாம் அடுக்கு நாலாம் அடுக்காகக் குறையும். விடை எக்ஸ்(2 − எக்ஸ்) பை (1 + எக்ஸ்)-இன் நாலாம் அடுக்கு. பொதுவாக எடுக்காமல், முதல் உறுப்பில் இருப்பதை மட்டும் கீழே உள்ளதோடு அடித்துவிடுவது நிறையப் பேர் செய்வது. திருத்துபவர் அந்த வரியோடு நிறுத்திவிடுவார். இதற்கெல்லாம் டியூஷன் வேண்டாம். அரசுப் பள்ளிப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இயற்கணிதப் பாடத்தை மட்டும் இறக்கி, கூச்சப்படாமல் முதல் பயிற்சியில் இருந்து போடுங்கள். பிறகு பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதம். அதில் வகை நுண்கணிதமும் அதன் பயன்பாடுகளும் அடுத்தடுத்த பாடங்களாக, சராசரிச் செலவு, இறுதிநிலைச் செலவு கணக்குகளோடு தமிழிலேயே இருக்கின்றன. நான் காசு கொடுத்து வாங்கியது எதுவும் அந்தப் புத்தகத்துக்கு உறை போடக் காணாது.

பின்னத்தைப் பார்த்ததும் விதிமேல் பாய வேண்டியதில்லை என்பதும் லேட்டாகத்தான் தெரிந்தது. கீழே வெறும் எண் இருந்தால் அது வகுத்தல் விதிக் கணக்கே இல்லை. எண்ணை வெளியே வைத்துவிட்டு மேலே இருப்பதை வகையிட்டால் முடிந்தது. கீழே ஒற்றை உறுப்பு இருந்தால் முதலில் பிரித்து எழுதுங்கள். மேலே சொன்ன சராசரிச் செலவையே 40,000 பை க்யூ, + 100, + 0.01க்யூ என்று பிரித்தால் ஒரே வரியில் விடை: −40,000 பை க்யூ ஸ்கொயர், + 0.01. புத்தகத்தின் பின்னால் வேறு உருவத்தில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், பொதுப் பகுதி எடுத்தால் இரண்டும் ஒன்றுதான். இந்தப் பயத்தில் சரியான விடையை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பவர்களை மறுதேர்வுக்கு வந்தவர்களிடம் நிறையப் பார்த்தேன். ஆனால் கேள்வியிலேயே வகுத்தல் விதியைப் பயன்படுத்தி என்று இருந்தால் அடக்கமாக விதியையே போடுங்கள்.

விடை சரிதானா என்று தெரிந்துகொள்ள யாரும் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு, அதாவது நம்மைப் போன்றவர்களுக்கு, சாதாரணக் கால்குலேட்டர் போதும். 1,000 பீஸில் நம் விடை என்ன சொல்கிறது? 10,000 − 40,000, பை 10 லட்சம். அதாவது −0.03, மூன்று பைசா இறக்கம். இப்போது நேராகப் போட்டுப் பாருங்கள். 1,000 பீஸில் சராசரி 150 ரூபாய். 1,001 பீஸில் ஏறக்குறைய 149.97. அதே மூன்று பைசா. குறி மாறியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். நோட்டில் போடும் ஒவ்வொரு கணக்கிலும் ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்து இப்படிப் பார்க்கப் பழகினேன். டியூஷன் சாரிடம் கேட்க முடியாத கேள்விக்கெல்லாம் அது பதில் சொன்னது.

மறுதேர்வில் நேரத்தை மிச்சம் பிடித்துத் தந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மிகக் குறைவு என்று காட்ட இரண்டாம் வகைக்கெழு கேட்பார்கள். பின்னத்தை மறுபடி வகுத்தல் விதியில் தள்ளினால் கீழே நாலாம் அடுக்கு வந்து தலைவலிதான். ஆனால் நாம் பார்க்கும் புள்ளியில் மேலே உள்ளது ஏற்கெனவே சுழி. அதனால் விதியின் இரண்டாவது பாதி அப்படியே மறைந்துவிடும்; மேலே உள்ளதன் வகைக்கெழுவைக் கீழே உள்ளதால் வகுத்தால் அதுவே அந்தப் புள்ளியில் இரண்டாம் வகைக்கெழு. நம் கணக்கில் மேலே இருப்பது 0.01க்யூ ஸ்கொயர் − 40,000. அதன் வகைக்கெழு 0.02க்யூ. க்யூ 2,000 என்றால் 40. கீழே 40 லட்சம். இரண்டுமே மிகை எண், ஆகவே மிகக் குறைவு. தாளில் எழுதும்போது, இந்தப் புள்ளியில் தொகுதி சுழி என்பதால் இரண்டாம் உறுப்பு சுழியாகிறது என்று ஒரு வரி காரணம் எழுதிவிடுங்கள். அது இல்லாமல் நேரே விடைக்குத் தாவினால் படிநிலை மார்க்கில் கை வைப்பார்கள்.